நாட்டுத் தலைவர்களைப் போர்க்குற்றத்துக்காக விசாரிக்கலாமா? திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்தேன். ஓய்வுபெற்ற பிறகு வீட்டு விறாந்தையில் இருந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். ஆணைக்குழுக்களுக்கு, ஐ.நா.வுக்கு, காணாமல் போனோர் அலுவலகத்துக்கு என்று பலதுக்கும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தாய்மார். பழைய மாணவர்களும் வருவார்கள், மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் இருந்தும் வருவார்கள். மனு எழுதி முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மனதில் உள்ள கேள்வி வரும். "ரீச்சர், இதுக்கெல்லாம் மேல இருந்தவையை ஒருத்தரும் கேக்க மாட்டினமா?"

அந்தக் கேள்வியையும் அதைச் சுற்றி வருபவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. படித்து அறிந்ததையும் நம்புவதையும் சொல்கிறேன். என் நிலைப்பாடு விசாரிக்க வேண்டும் என்பதே. எந்த நாட்டின், எந்த இனத்தின், எந்தப் பக்கத்தின் தலைவராக இருந்தாலும் சரி.

ஒரு ஜனாதிபதியை, பிரதமரைக் கோர்ட்டில் ஏற்ற முடியுமா? எங்கேயாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ருவாண்டாவின் பிரதமராக இருந்த ஜோன் கம்பாண்டா 1998 இல் இனப்படுகொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். யூகோஸ்லாவியாவின் மிலோசெவிச் மீது 1999 மே மாதத்தில், பதவியில் இருக்கும்போதே குற்றப்பத்திரம் வந்தது. 2001 இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருந்த ஐ.நா. நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டார். தீர்ப்பு வரமுன் 2006 இல் சிறையிலேயே இறந்துபோனார். லைபீரியாவின் சாள்ஸ் டெய்லர் பக்கத்து நாடான சியரா லியோனில் கொலைகாரக் குழுக்களுக்கு உதவியதற்காக 2012 இல் 50 வருடத் தண்டனை பெற்றார்.

ஆனால் எங்கள் தாய்மாருக்கு நான் எப்போதும் சொல்லும் கதை சாட் நாட்டின் ஜனாதிபதியாக இருந்த ஹிசேன் ஹப்ரேயுடையது. அவர் 1990 இல் பதவி இழந்து செனகலுக்கு ஓடினார். அவருடைய சிறையில் கிடந்து உயிர் தப்பிய சுலைமான் கெங்கெங் என்ற சாதாரண அரசாங்க உத்தியோகத்தர், தன்னைப் போன்ற 792 பேரின் வாக்குமூலங்களைச் சேர்த்து, பயத்தில் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார். கேட்க ஒரு நீதிமன்றமும் இல்லாத காலம் அது. 2001 இல் ஹப்ரேயின் இரகசியப் பொலிஸின் கைவிடப்பட்ட கட்டடத்தில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் குப்பையாகக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்தபோது வழக்குக்கு உயிர் வந்தது. 2016 மே 30 அன்று செனகலில் அமைக்கப்பட்ட விசேட ஆபிரிக்க நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பதவி போய் 26 வருடத்துக்குப் பிறகு. 2021 இல் தண்டனைக் கைதியாகவே இறந்தார்.

சண்டை என்றால் சனம் சாகும்தானே? அதெல்லாம் போர்க்குற்றமா?

எல்லாச் சாவும் போர்க்குற்றம் ஆகாது. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. படை முகாமைக் குறிவைத்த குண்டில் அயலில் இருந்தவர் இறந்தால், எடுத்த கவனமும் எதிர்பார்த்த பொதுமக்கள் இழப்பின் அளவும் பார்க்கப்படும். பொதுமக்களையே குறிவைப்பது, ஆஸ்பத்திரியைத் தாக்குவது, சரணடைந்தவரைக் கொல்வது, சித்திரவதை, பணயம் வைப்பது, 15 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படையில் சேர்ப்பது, இவை குற்றம். இவற்றுக்குச் சாட்டுப்போக்கு கிடையாது.

சுட்டது சிப்பாய். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்தவரை எப்படிப் பிடிப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. இதற்குச் சட்டத்தில் "கட்டளைப் பொறுப்பு" என்று பெயர். மேலே இருப்பவர் மூன்று வழியில் மாட்டலாம். ஒன்று, தானே உத்தரவிட்டது. இரண்டு, நடக்கப் போகிறது அல்லது நடக்கிறது என்று தெரிந்தும் தடுக்காதது. மூன்று, நடந்து முடிந்த பிறகு செய்தவரை விசாரணைக்கு ஒப்படைக்காதது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிய ஜெனரல் யமஷிதா, மணிலாவில் தன் படைகள் செய்த கொலைகளுக்காக 1946 பெப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். தொடர்பே அறுந்து கிடந்த தளபதியை இப்படித் தண்டிக்கலாமா என்ற வாதம் அன்றே எழுந்தது. அதனால் பிறகு வந்த சட்டம் கவனமாக எழுதப்பட்டது. இப்போது ஹேக்கில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் 28 ஆவது உறுப்புரை, இராணுவத் தளபதிக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கிறது. சிவில் தலைவருக்கு இன்னும் இறுக்கமான சோதனை. அவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது கண்முன் வந்த தகவலை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்பது காட்டப்பட வேண்டும்.

எல்லோரும் முதல் வழியைப் பற்றியே பேசுகிறார்கள். "உத்தரவுக் கடிதம் எங்கே?" என்கிறார்கள். எங்கள் ஊருக்கு மூன்றாவது வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். பாருங்கள்.

2006 ஜனவரி 2, காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் இருந்த மாணவர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்ததைப் படம் எடுத்து வெளியே கொண்டுவந்த பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி இதே நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம் ஓகஸ்ட் 4, மூதூரில் பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிவாரண அமைப்பின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். 16 தமிழர், ஒரு முஸ்லிம். வருட முடிவில் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று போட்டார்கள். அதைக் கண்காணிக்க வந்த வெளிநாட்டு நிபுணர் குழு, விசாரணை சர்வதேசத் தரத்தில் இல்லை என்று சொல்லி 2008 இல் விலகிப் போனது. மாணவர் வழக்கில் விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேர் 2013 இல் கைதானார்கள். 2019 ஜூலையில் சாட்சியம் போதாது என்று எல்லோரும் விடுதலை. மூதூர்க் கொலைக்கு இன்றுவரை எவருக்கும் தண்டனை இல்லை. கிளிவெட்டிக்குப் பக்கத்துக் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரியில் பெண்களும் பிள்ளைகளுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016 இல் ஆறு முன்னாள் இராணுவத்தினரும் விடுவிக்கப்பட்டார்கள்.

தப்பித்தவறி ஒருவருக்குத் தண்டனை கிடைத்தாலும் என்ன நடந்தது? யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலில் 2000 ஆம் ஆண்டு எட்டுப் பேரைக் கொன்றதற்கு மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர் சுனில் ரத்நாயக்கவின் தண்டனையை உயர் நீதிமன்றமும் 2019 இல் உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார்.

ஒரு தடவை நடந்தால் தவறு என்று சொல்லலாம். எங்கள் ஒரு மாவட்டத்திலேயே, இருபது வருடத்துக்கு மேலாக, ஆட்சி மாறி மாறி வந்தும் ஒரே முடிவு வந்தால் அது சிப்பாயின் வேலை இல்லை. அந்த முடிவு எடுக்கப்பட்ட இடம் மேலே இருக்கிறது. அதனால்தான் கீழே இருப்பவரை மட்டும் தேடும் விசாரணை போதாது என்கிறேன்.

ஜனாதிபதிக்குச் சட்ட விலக்களிப்பு இருக்கிறதே?

இருக்கிறது, பதவியில் இருக்கும்வரை. அரசியலமைப்பின் 35 ஆவது உறுப்புரை அதைச் சொல்கிறது. பதவி போனால் அந்தக் குடையும் போய்விடும். இதைக் கதையாகச் சொல்லவில்லை, நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். 2019 ஈஸ்டர் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. பொருளாதாரம் விழுந்ததற்கு ராஜபக்ச சகோதரர்களும் பொறுப்பு என்று அதே வருடம் நவம்பரில் சொன்னது. 2025 ஓகஸ்டில் ரணில் விக்கிரமசிங்க அரச பணத்தைச் சொந்தப் பயணத்துக்குச் செலவழித்தார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். முன்னாள் ஜனாதிபதியைத் தொட்டால் நாடு கவிழும் என்றவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்? பயணச் செலவுக்குக் கேட்க முடிந்த கேள்வியை, பிள்ளைகளின் உயிருக்கும் கேட்கலாம்.

வெளிநாட்டுக் கோர்ட்டுகளில் கணக்கு வேறு. பதவியில் இருக்கும் அரச தலைவர், பிரதமர், வெளிநாட்டு அமைச்சர் ஆகியோரை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் தொடக்கூடாது என்பது, நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றம் 2002 இல் சொன்ன தீர்ப்பின் சாரம். ஆனால் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் 27 ஆவது உறுப்புரை, பதவி எதுவானாலும் அங்கே விலக்கு இல்லை என்கிறது.

அப்படியென்றால் ஹேக்குக்குக் கொண்டுபோகலாமே?

அங்கேதான் கதவு பூட்டு. இலங்கை ரோம் சாசனத்தில் கையெழுத்து வைக்கவில்லை. உறுப்பினர் அல்லாத நாட்டை ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பலாம். 2005 இல் சூடானின் டார்பூரையும் 2011 இல் லிபியாவையும் அனுப்பியது. ஆனால் 2014 இல் சிரியாவை அனுப்பப் பார்த்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. இலங்கை விடயத்தில் வேறு விதமாக நடக்கும் என்று நான் எந்தத் தாய்க்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எந்த அரசாங்கமும் விரும்பினால், உறுப்பினராகாமலே ஒரு பிரகடனம் கொடுத்து, 2002 ஜூலை 1 க்குப் பிறகு நடந்தவற்றை விசாரிக்க அந்த நீதிமன்றத்தை அழைக்கலாம். 2006 உம் 2009 உம் அந்தக் காலத்துக்குள் வரும். குமாரபுரம் வராது. எங்கள் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

வேறு நாட்டுக் கோர்ட்டில்?

சித்திரவதை, போர்க்குற்றம் போன்றவற்றை எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்ற சட்டம் சில நாடுகளில் இருக்கிறது. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோச்சே 1998 ஒக்டோபரில் லண்டன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கைதானார். 2000 இல் உடல்நிலை காரணமாக வீடு திரும்பினாலும், முன்னாள் தலைவர்கள் பயணப் பெட்டி கட்டமுன் யோசிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான். பிரேசில் தூதுவராக இருந்த முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரியவுக்கு எதிராக 2017 இல் தென் அமெரிக்காவில் முறைப்பாடு போடப்பட்ட வேளையில் அவர் நாடு திரும்பியிருந்தார். கோட்டாபயவுக்கு எதிராக 2019 இல் கலிபோர்னியாவில் போட்ட சிவில் வழக்குகள் விலக்களிப்பால் நின்றுபோயின.

கனடா 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதிகள் மஹிந்த, கோட்டாபய இருவர் மீதும், பிரித்தானியா 2025 மார்ச்சில் முன்னாள் படைத் தளபதிகள் சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, அவர்களோடு புலிகளின் முன்னாள் தளபதி கருணா என்ற முரளிதரன் மீதும் தடை போட்டன. எங்கள் ஆட்கள் அன்று வெடி கொளுத்தினார்கள். எனக்கு அந்தச் சந்தோசம் முழுதாக வரவில்லை. தடை என்பது விசா மறுப்பும் கணக்கு முடக்கமும். அங்கே சாட்சி கேட்பதில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்லவும் மேடை இல்லை. தீர்ப்புக்கு அது ஈடாகாது.

புலிகள் செய்ததை மட்டும் ஏன் பேசுவதில்லை?

இதை மூதூரில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் பெரியவர் கேட்டார். என்னைவிட வயதில் மூத்தவர், நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் புலிகள் மூதூருக்குள் புகுந்து சண்டை மூண்டபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய் வரை நடந்தவர். "உங்கட மனுவில எங்கட பேர் இல்லையே ரீச்சர்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் கேட்டது நியாயம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு இருந்தவர்களைச் சுட்டது, அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியது, பிள்ளைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பியது, கடைசிக் காலத்தில் தப்பி ஓடிய எங்கள் சனத்தையே சுட்டது. 2011 இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில், கடைசி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்ற வரியை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். மனிதக் கேடயத்தையும் கட்டாய ஆட்சேர்ப்பையும் பற்றி அதே அறிக்கை சொன்னதை வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டுகிறோம். கட்டளைப் பொறுப்பு ஜனாதிபதிக்குப் பொருந்தினால் பிரபாகரனுக்கும் பொருந்தும். அவர் இல்லை, ஆனால் அந்தக் கட்டளை வரிசையில் இருந்தவர்களில் சிலர் உயிரோடு, அதிலும் சிலர் பிறகு அரசாங்கப் பதவியிலும் இருந்தார்கள்.

அன்றைக்குப் பிறகு, காக்காவின் மனுவையும் நான்தான் எழுதுகிறேன்.

பெரிய நாட்டுக்காரரை ஒன்றும் செய்ய மாட்டார்கள். பிறகு எதற்கு இந்தச் சட்டம்?

பழைய நோய்தான் இது. ஜெர்மனியின் கைசரை விசாரிப்பதாக 1919 இல் வேர்சாய் உடன்படிக்கையில் எழுதினார்கள், நெதர்லாந்து ஒப்படைக்க மறுத்தது. டோக்கியோவில் பிரதமர் டோஜோவைத் தூக்கிலிட்டார்கள், சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவைக் கூண்டில் ஏற்றவில்லை. வென்றவர் தோற்றவரை விசாரிக்கிறார் என்று அந்த நீதிமன்றத்தில் இருந்த இந்திய நீதிபதி ராதாபினோத் பால் மறுப்புத் தீர்ப்பே எழுதினார்.

இப்போது ரஷ்யாவின் புட்டின் மீது 2023 மார்ச்சில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை. 2024 செப்டம்பரில் உறுப்பு நாடான மொங்கோலியாவுக்குப் போய் விருந்துண்டு திரும்பினார். இஸ்ரேலின் நெதன்யாகு மீது 2024 நவம்பரில் பிடியாணை வந்த பிறகு, புட்டினுக்கு வந்தபோது கைதட்டிய வோஷிங்டன், அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் மீதே தடை போட்டது. பார்க்க எரிச்சல் வரும். ஆனால் பலசாலி தப்புகிறான் என்பதற்காகச் சட்டத்தையே எறிந்தால், நட்டம் பலசாலிக்கு இல்லை. அவனுக்குச் சட்டம் எப்போதும் தேவைப்பட்டதில்லை. தேவை எங்களைப் போன்ற ஆட்களுக்கு.

பழசைக் கிளறினால் திரும்பச் சண்டை வராதா?

இந்தப் பயத்தை நான் சின்னதாக எடுப்பதில்லை. போர் நடக்கும்போது தலைவருக்குப் பிடியாணை காட்டினால் அவர் கதிரையை விட மாட்டார் என்பதில் உண்மை உண்டு. சாள்ஸ் டெய்லர் 2003 இல் நைஜீரியாவில் அடைக்கலம் கிடைக்கும் என்ற ஏற்பாட்டில்தான் பதவி விலகினார், 2006 இல் ஒப்படைக்கப்பட்டார். அடுத்த சர்வாதிகாரி அதைப் பார்த்து யோசித்திருப்பான். ஆனால் எங்கள் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. பேரம் பேச எதுவும் மிச்சம் இல்லாத நாட்டில் அந்த வாதத்துக்கு இடம் எங்கே?

விசாரணை என்றால் தண்டனை என்றும் அர்த்தம் இல்லை. ஐவரி கோஸ்டின் கபாக்போவை 2019 இல் ஹேக் நீதிமன்றமே விடுதலை செய்தது. கென்யாவின் கென்யாட்டா மீதான வழக்கு சாட்சியம் போதாமல் 2014 இல் மீளப்பெறப்பட்டது. எங்கள் தலைவர்கள் தாங்கள் குற்றமற்றவர்கள் என்கிறார்கள். இருக்கலாம். அதைச் சொல்ல உகந்த இடமும் சாட்சிக்கூண்டுதான்.

நான் சாகிறதுக்குள்ள நடக்குமா ரீச்சர்?

நடக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன் அம்மா. ஹப்ரேக்கு 26 வருடம் எடுத்தது. உங்களோடு வீதியில் நின்ற எத்தனையோ தாய்மார் இப்போது இல்லை. ஆனால் உங்கள் சாட்சியம் உங்களோடு போக வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம், எதிர்கால வழக்குகளுக்காக ஆதாரங்களைச் சேர்த்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தது. உயிரோடு சொன்ன வாக்குமூலம் எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால் அது காத்திருக்கும்.

என்னென்ன காகிதம் வைத்திருக்க வேண்டும்?

பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, முக்கியமாக அதன் இலக்கமும் திகதியும். மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், ஆணைக்குழுக்கள் தந்த கடிதங்களும் பதிவு இலக்கங்களும். பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், கடைசியாக எடுத்த படம். படத்தின் பின்னால் எப்போது, எங்கே எடுத்தது என்று எழுதுங்கள். மரணச் சான்றிதழ் எடுத்திருந்தால் காரணம் என்று என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், கண்டதை எழுதுங்கள். நீங்கள் கண்ணால் கண்டது ஒரு தாளில், மற்றவர் சொல்லிக் கேட்டது இன்னொரு தாளில், சொன்னவர் யார் என்ற விபரத்தோடு. கோபத்தில் ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். நாலு சீருடைக்காரர் வந்தால் நாலு என்றே எழுதுங்கள். பத்து என்று எழுதிய ஒரு மனுவில் மற்ற எல்லா உண்மையும் அடிபட்டுப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

மூலப்பிரதியை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். ஒரு அலுவலகத்தில் நான் நம்பிக் கொடுத்த ஒரு தாயின் அசல் முறைப்பாட்டுத் துண்டு அங்கேயே தொலைந்துபோனது. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க இன்றும் எனக்குக் கூச்சம். மூன்று போட்டோக்கொப்பி எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம், ஒன்று போனில் படமாக வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம். கடற்கரையோர வீடுகளில் 2004 சுனாமியோடு போன காகிதங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அதனால் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள், பொலித்தீனில் சுற்றி.

சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன். கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள், எழுதியதை நீங்களே ஒரு தரம் வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.